இரண்டு சிறு கிளப்புகளும் அவற்றின் கூட்டமும்

இங்கிலாந்துக் கால்பந்தில் பிரீமியர் லீகின் 20 கிளப்புகளும் அதற்கடுத்த மூன்று அடுக்குகளின் 72 கிளப்புகளும் உலகம் பார்க்கிறவை. அந்த 92க்குக் கீழேதான் நான்-லீக் என்கிற பரந்த வெளி தொடங்குகிறது. ஐந்தாம் அடுக்கிலிருந்து கீழே இறங்க இறங்க காமிராக்கள் குறையும். பத்தாம் அடுக்குக்கு வந்துவிட்டால், வாசலில் டிக்கெட் கொடுத்தவரே கொஞ்ச நேரம் கழித்துக் கோட்டோரம் நின்று, கோல் விழுந்த செய்தியைக் கைபேசியில் தட்டிக்கொண்டிருப்பார். அந்தக் கிளப்பின் ‘சமூக ஊடகப் பிரிவு’ அவர் ஒருவர்தான்.

அப்படிப்பட்ட கிளப்புகளுக்கு அறிவுரை சொல்ல ஆள் ஏராளம். தினமும் பதிவு போடு, ரீல்ஸ் போடு, நல்ல போஸ்டர் செய் என்பார்கள். தவறில்லை. ஆனால் எதைப் போடுவது, அதை யார் எதற்காகப் பார்க்க வேண்டும் என்கிற கேள்வி அதற்கு முன்பே வருகிறது. அந்தக் கேள்விக்கு ஒன்றுக்கொன்று நேர் எதிரான விடைகளைக் கண்டுபிடித்த இரண்டு கிளப்புகள் ஹேஷ்டேக் யுனைடெட்டும் கிளாப்டன் கம்யூனிட்டியும். முன்னது லண்டனை ஒட்டிய எசெக்ஸைச் சேர்ந்தது, பின்னது கிழக்கு லண்டனில் பிறந்தது. இரண்டும் இங்கிலாந்தின் லீக் அமைப்புக்குள் நுழைந்தது ஒரே பருவத்தில், 2018–19இல். ஹேஷ்டேக் பத்தாம் அடுக்கில் கால் வைத்தது, கிளாப்டன் இன்னும் கீழே மிடில்செக்ஸ் கவுன்ட்டி லீகில், 12ஆம் அடுக்கில் தொடங்கியது. ஒரே காலம், பக்கத்துப் பக்கத்து நிலம், கையில் ஒரே கைபேசி. இப்படி ஒப்பிடத் தோதான ஜோடி எளிதில் அமையாது.

ஹேஷ்டேக் யுனைடெட்டைத் தொடங்கியவர் ஸ்பென்சர் ஓவன். ஃபிஃபா வீடியோ கேம் ஆடிக்காட்டியும் கால்பந்து பேசியும் யூடியூபில் லட்சக்கணக்கான சப்ஸ்கிரைபர்களைச் சேர்த்தவர். 2016இல் தன் நண்பர்களை வைத்து ஓர் அணி அமைத்தார். அப்போது அது எந்த லீகிலும் இல்லை. பிற கிளப்புகளின் ஊழியர் அணிகள் போன்றவற்றோடு நட்புப் போட்டிகள் ஆடியது. நண்பர்கள் ஆடும் நட்புப் போட்டியை முன்பின் தெரியாத ஒருவர் உட்கார்ந்து பார்க்கக் காரணமே கிடையாது. அந்த இடத்தில்தான் ஓவனின் கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. ஃபிஃபா விளையாட்டில் இருந்த டிவிஷன் முறையை அப்படியே எடுத்துத் தன் அணிக்கு விதியாக்கினார். ஐந்தாம் டிவிஷனில் தொடக்கம், ஒரு பருவத்துக்குப் பத்து ஆட்டம், இத்தனை புள்ளி எடுத்தால் மேலே போகலாம், எடுக்காவிட்டால் இல்லை. அந்த விதியை வகுத்ததும் அவரே. ஆனால் வகுத்த பிறகு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு கணக்கு வந்துவிட்டது. ‘இன்னும் மூன்று ஆட்டத்தில் ஐந்து புள்ளி வேண்டும்’ என்று சொன்னால் போதும், பார்க்கிறவர் அடுத்த வாரத்துக்குக் காத்திருப்பார்.

அந்த வீடியோக்களின் கட்டமைப்பைக் கவனித்துப் பார்த்தால் இந்தத் தொழிலின் பாடம் முழுக்க அதில் இருக்கிறது. முதலில் ஓவனின் குரல் வரும்: அணி பட்டியலில் எங்கே நிற்கிறது, இன்றைக்கு யாருக்குக் காயம், யார் திரும்பி வந்திருக்கிறார், எதிரணியோடு போன முறை என்ன ஆயிற்று. அதன் பிறகுதான் பந்து உருளும். ஆட்டக்காரர்களை முதுகிலுள்ள எண்ணை வைத்து அறிய வேண்டியதில்லை, அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரம். யார் பெனால்டியைத் தவறவிடுவார், யார் கோல்கீப்பரைத் திட்டுவார் என்பதெல்லாம் தொடர்ந்து பார்ப்பவருக்கு அத்துப்படி. வாராவாரம் வரும் தொடர்கதையை நம் வார இதழ்கள் எப்படி நடத்தினவோ, அதே நுட்பம்தான் இது. கோல் விழுவதை மட்டும் வெட்டிப் போடும் கிளப்புகள் தவறவிடுவது இந்த முன்கதையைத்தான். இன்னாரென்றே தெரியாத ஒருவர், இன்னாரென்றே தெரியாத இன்னொருவருக்கு எதிராக அடித்த கோல் எத்தனை அழகாக இருந்தாலும் விரல் அதைத் தள்ளிவிட்டுப் போய்விடும்.

பார்வையாளரைக் கதைக்குள்ளேயே இழுக்கும் முயற்சியும் நடந்தது. அணிக்கு ஓர் ஆட்டக்காரரைத் தேடும் தேர்வையே ‘ஹேஷ்டேக் அகாடமி’ என்று ஒரு வீடியோத் தொடராக்கினார்கள். அதில் வென்ற ஸ்காட் பொலாக் என்ற இளைஞர் பின்னர் நார்தாம்ப்டன் டவுன் கிளப்பில் தொழில்முறை ஆட்டக்காரரானார். பார்த்துக்கொண்டிருக்கிற பையன்களில் ஒருவனுக்கு அந்தக் கதவு உண்மையாகவே திறந்தது என்பதைவிடப் பெரிய விளம்பரம் ஒரு கிளப்புக்கு வேறென்ன வேண்டும்?

2018இல் லீகுக்குள் வந்த பிறகு கணக்கு மாறியது. தாங்களே வகுத்த டிவிஷன் போய், மழையிலும் சேற்றிலும் மோத வேண்டிய நிஜ டிவிஷன் வந்தது. முதல் பருவத்திலேயே ஒன்பதாம் அடுக்குக்கு ஏறினார்கள். அடுத்த இரண்டு பருவங்களும் கொரோனாவால் பாதியில் நின்றன. ஆனாலும் 2021இல் எட்டாம் அடுக்குக்கும் 2023இல் ஏழாம் அடுக்குக்கும் போய்ச் சேர்ந்தார்கள். 2020இல் ஏஎஃப்சி பாசில்டனின் மகளிர் அணி ஹேஷ்டேக்கோடு இணைந்தது. எங்கோ உட்கார்ந்து வீடியோ கேம் ஆடும் பிள்ளைகளின் வேலை என்று இதை ஒதுக்கியவர்களுக்கு இந்த ஏற்றமே பதில்.

இனி கிளாப்டன். இது வேறு மண்.

பழைய கிளாப்டன் எஃப்சி 1870களின் பிற்பாதியில் தொடங்கப்பட்டது. இங்கிலாந்துக்கு வெளியே, ஐரோப்பாவுக்குப் போய் ஆடிய முதல் ஆங்கிலேய கிளப் அது. 1890இல் பெல்ஜியத்தில் ஆடியது. அமெச்சூர் கோப்பையை ஐந்து முறை வென்றது. இங்கிலாந்துக் கால்பந்தின் முன்னோடிக் கறுப்பின ஆட்டக்காரர்களில் ஒருவரான வால்டர் டல், டாட்டன்ஹாமுக்குப் போகுமுன் ஆடியது இங்கேதான். ஃபாரஸ்ட் கேட் பகுதியிலுள்ள ஓல்டு ஸ்பாட்டட் டாக் மைதானம் 1888 முதல் அதன் வீடாக இருந்தது. நம்மவர்களுக்கு நன்கு பழகிய ஈஸ்ட் ஹாமும் அதையொட்டிய முருகன் கோயிலும் அங்கிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம், எல்லாம் நியூஹாம் என்ற ஒரே பரோதான். இத்தனை பெருமையும் இருந்தும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆட்டத்துக்கு வந்தது விரல்விட்டு எண்ணக்கூடிய கூட்டம். 2010களின் முற்பாதியில் ஓர் இளைஞர் கூட்டம் உள்ளே வந்தது. பாட்டு, கொடி, மேளம், பாசிச எதிர்ப்பு முழக்கம் என்று மைதானத்தின் ஒரு பக்கத்தையே தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். பிறகு கிளப் நிர்வாகத்தோடு பிணக்கு முற்றியது. ரசிகர்கள் ஆட்டங்களைப் புறக்கணித்தார்கள். கடைசியில் 2018இல் தாங்களே ஒரு கிளப்பைத் தொடங்கிவிட்டார்கள். சந்தா கட்டும் உறுப்பினர்களே உரிமையாளர்கள், ஒருவருக்கு ஒரு வாக்கு. ஆடுவதற்கு வால்தம்ஸ்டோவில் ஒரு மைதானத்தைப் பிடித்தார்கள்.

புதுக் கிளப்புக்கு வெளியூர் ஆட்ட ஜெர்சி வேண்டுமே. உறுப்பினர்கள் வாக்களித்து ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். சிவப்பு, மஞ்சள், ஊதா. 1930களின் ஸ்பானியக் குடியரசுக் கொடியின் நிறங்கள். ஃபிராங்கோவின் படையை எதிர்க்க உலகெங்கிலுமிருந்து போன சர்வதேசப் படையணியின் மூன்று முனை நட்சத்திரம். கழுத்துப் பட்டையின் பின்புறம் ‘நோ பசரான்’, அதாவது அவர்களை உள்ளே விடமாட்டோம் என்ற முழக்கம். 1936இல் கிழக்கு லண்டனின் கேபிள் தெருவில் பாசிஸ்டுகளின் ஊர்வலத்தை மக்கள் மறித்தபோது எழுப்பிய முழக்கமும் அதுதான். அந்தப் பகுதியிலிருந்து ஸ்பெயினுக்குப் போய்ப் போரிட்டவர்கள் உண்டு, திரும்பாதவர்களும் உண்டு. ஆக இது யாரோ ஒரு டிசைனர் அழகுக்காகப் போட்ட கோலமல்ல. அந்த மண்ணின் நினைவு அது.

ஜெர்சியின் படம் ட்விட்டரில் ஏறியது, ஸ்பெயினில் யாரோ கண்ணில் பட்டது. அவ்வளவுதான். 12ஆம் அடுக்கில் ஆடும், தன்னார்வலர்களால் ஓடும் ஒரு கிளப்புக்கு ஆயிரக்கணக்கில் ஆர்டர்கள் வந்து குவிந்தன. தங்கள் தாத்தா பாட்டி சிறைப்பட்ட, நாடு கடத்தப்பட்ட கதைகளை ஸ்பெயினிலிருந்து பலர் எழுதினார்கள். இந்த ஜெர்சியை விற்க யாருக்கும் காசு கொடுத்து விளம்பரம் செய்யவில்லை. 2020இல் கிளாப்டன் கம்யூனிட்டி, ரசிகர்கள் எந்த மைதானத்திலிருந்து விலகிப் போனார்களோ அதே ஓல்டு ஸ்பாட்டட் டாக் நிலத்தைச் சொந்தமாக வாங்கியது. ஜெர்சி விற்ற பணமும் அதற்குக் கைகொடுத்தது. ஒரு பதிவு ஒரு மைதானத்தை வாங்க உதவியது என்று சொன்னால் மிகையில்லை. ஆனால் அந்தப் பதிவுக்குப் பின்னால் ஒரு வாக்கெடுப்பும், அதற்குப் பின்னால் பல ஆண்டுப் போராட்டமும், அதற்கும் பின்னால் எண்பது ஆண்டு வரலாறும் இருந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஹேஷ்டேக்குக்குக் கூட்டம் முதலில், கிளப் பிறகு. கிளாப்டனுக்குக் கிளப் முதலில், வெளிக்கூட்டம் பிறகு. ஹேஷ்டேக்கின் வீடியோவை லட்சம் பேர் பார்த்தாலும் மைதானத்துக்கு வருபவர்கள் சில நூறு பேர்தான். அது இயல்பு. பார்க்கிறவர் மலேசியாவில் இருக்கலாம், நைஜீரியாவில் இருக்கலாம். சனிக்கிழமை எசெக்ஸுக்கு ரயில் பிடிக்க அவரால் முடியாது. கிளாப்டனுக்கும் மைதானத்துக்கு வருவது சில நூறு பேர். ஆனால் அந்தக் கீழடுக்கில் மற்ற ஆட்டங்களுக்குச் சில பத்துப் பேர் வந்தாலே பெரிது. இந்த வித்தியாசத்தை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். ‘எத்தனை வியூஸ்’ என்று கேட்பதைவிட ‘பார்த்தவர்களில் எத்தனை பேர் நடந்து வரக்கூடிய தூரத்தில் இருக்கிறார்கள்’ என்று கேட்பதுதான் ஒரு சிறு கிளப்புக்குப் பயன்படும் கேள்வி. பக்கத்துத் தெருவின் ஐம்பது பேர் பார்த்த பதிவு, பக்கத்துக் கண்டத்தின் ஐயாயிரம் பேர் பார்த்த பதிவைவிட அந்த வாசலுக்கு அதிகம் கொண்டுவரும்.

அதற்காகத் தூரத்துக் கூட்டம் வீண் என்று சொல்ல முடியாது. ஹேஷ்டேக் அந்தக் கூட்டத்தை ஸ்பான்சர்களாக மாற்றியது. பத்தாம் அடுக்குக் கிளப்பின் சட்டையில் உலகப் பெயர் பெற்ற கம்பெனிகள் இடம் கேட்டது வீடியோவுக்காகவே. கிளாப்டன் அதைத் தபாலில் போகும் ஜெர்சிகளாகவும் உறுப்பினர் சந்தாவாகவும் மாற்றியது. தூரத்து ரசிகர் மைதானத்துக்கு வரமாட்டார், ஆனால் அவரிடம் ஏதாவது ஒன்றைக் கேட்கலாம், எதையாவது அவர் கையில் கொடுக்கலாம் என்பதை இருவருமே புரிந்துகொண்டார்கள். பெரும்பாலான சிறு கிளப்புகள் பதிவு போட்டுவிட்டு லைக்கோடு நிறுத்திக்கொள்கின்றன. அந்த லைக்கை அடுத்து எங்கே அழைத்துப் போவது என்று யோசிப்பதில்லை.

கதை சொல்லும் திறமையில் ஹேஷ்டேக் பல படி மேலே. சிறு கிளப்புகள் கற்க வேண்டியது இதை. அதற்கு ஐந்து காமிரா தேவையில்லை. வெள்ளிக்கிழமை இரவு ஒரு ஆட்டக்காரர் கைபேசியைப் பார்த்து, நாளைய ஆட்டம் ஏன் முக்கியம் என்று நாற்பது நொடி பேசினால், சனிக்கிழமை மாலை போடும் கோலுக்கு ஒரு முன்கதை கிடைத்துவிடும். பிரிட்டனில் சனிக்கிழமை மதியம் 2.45 முதல் 5.15 வரை கால்பந்தை நேரலையாகக் காட்டத் தடை இருக்கிறது. மைதானக் கூட்டத்தைக் காப்பாற்ற வந்த பழைய விதி அது. ஆகவே நேரலை போட முடியவில்லையே என்று ஏங்குவதில் பயனில்லை. முன்னும் பின்னும் கதை சொல்வதற்குத்தான் இடமிருக்கிறது, ஹேஷ்டேக் அந்த இடத்தைத்தான் முழுமையாக ஆண்டது.

பங்கு கொடுப்பதில் கிளாப்டனுக்கு நிகரில்லை. ஜெர்சியின் நிறத்தை வாக்கெடுப்புக்கு விட்டதே அந்த ஜெர்சி பரவக் காரணம் என்று சொல்வேன். வாக்களித்த ஒவ்வொருவரும் அதைத் தன் ஜெர்சியாக எண்ணித் தன் வட்டத்துக்கு அனுப்பினார். விளம்பரம் செய்ய ஆள் வைக்கவில்லை, உரிமையாளர்களே விளம்பரம் செய்தார்கள். மகளிர் அணிக்கும் அதே பாட்டு, அதே கொடி. அவர்கள் 2021–22 பருவத்தில் மகளிர் எஃப்ஏ கோப்பையின் மூன்றாம் சுற்றுவரை போனபோது அதைப் பரப்பத் தனி ஏற்பாடு தேவைப்படவில்லை. சிறு கிளப் ஒன்று உறுப்பினர் அமைப்பாக மாறுவது எல்லோருக்கும் கைகூடாது. ஆனால் மாற்று ஜெர்சியின் நிறம், ஆண்டின் சிறந்த கோல், கன்டீனில் என்ன விற்பது என்று எதையாவது ரசிகர் முடிவுக்கு விட்டுவிட்டு, அந்த முடிவை மதிப்பது யாராலும் முடியும். மதிப்பதுதான் கடினம். ரசிகர்கள் தேர்ந்தெடுத்ததை நிர்வாகம் ஓசைப்படாமல் மாற்றிவிட்டால் அந்தக் கிளப்பின் சமூக ஊடகக் கணக்கை அதன் பிறகு யாரும் நம்பமாட்டார்கள்.

ரெக்ஸம் கிளப்பைச் சிலர் இந்த இடத்தில் இழுப்பார்கள். ஹாலிவுட் நடிகர்கள் ரயன் ரேனால்ட்ஸும் ராப் மெக்கெல்ஹென்னியும் 2021 பிப்ரவரியில் அதை வாங்கினார்கள், 2022இல் ஆவணத்தொடர் வந்தது, கிளப் உலகப் புகழ் பெற்றது. நல்ல கதைதான். ஆனால் அதிலிருந்து ஒரு சிறு கிளப் எடுத்துக்கொள்ள முடிவது குறைவு. நடிகர் வந்து கதவைத் தட்டுவார் என்று திட்டம் போட முடியாது.

இரண்டு கிளப்புகளிடமும் வெளியே தெரியாத ஒரு வேலை உண்டு, நான்-லீகில் உண்மையான நம்பிக்கையைச் சம்பாதிப்பது அந்த வேலைதான். டிசம்பர், ஜனவரியில் மழை பெய்து மைதானம் ஊறிக்கிடக்கும். சனிக்கிழமை காலை நடுவரோ லீக் சார்பில் ஒருவரோ வந்து மண்ணை மிதித்துப் பார்த்து, ஆட்டம் நடக்குமா நடக்காதா என்று சொல்வார். அந்த முடிவு வந்த கணமே ஒரு வரி போட வேண்டும். எதிரணி பஸ் ஏறிவிட்டிருக்கும், யாரோ ஒருவர் குழந்தையோடு கிளம்பிக்கொண்டிருப்பார். அழகான போஸ்டர் தயாரித்துப் போட்டு அரை மணி தாமதித்தால் அவர்கள் வந்து பூட்டிய கேட்டைப் பார்ப்பார்கள். அந்த ஒரு வரியை ஒழுங்காகப் போடும் கிளப்பை ரசிகர் அறிவிப்பு மணி ஒலிக்கும்படி வைத்துக்கொள்வார். பிறகு அதே மணியில்தான் கோலும் வரும், ஜெர்சி விற்பனையும் வரும். சிறு கிளப்பின் சமூக ஊடகத்தைப் பற்றி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

இளையோர் அணிகளின் படங்களைப் பற்றியும் கண்டிப்பு தேவை. பெற்றோர் சம்மதமில்லாமல் பிள்ளைகளின் படத்தைப் போடக் கூடாது, படத்தோடு முழுப் பெயரைச் சேர்க்கக் கூடாது. ஒரு சிறுமியின் முகம், பெயர், எந்த மைதானத்தில் எந்த நேரம் பயிற்சி என்பது மூன்றும் ஒரே பதிவில் இருந்தால் அதை யார் எதற்குப் பயன்படுத்துவார் என்று யாராலும் சொல்ல முடியாது. நல்ல படத்துக்காக ஆசைப்பட்டு இதில் தளர்ந்து போகும் கிளப்புகள் திருந்த வேண்டும்.

பலவீனங்களும் ஒப்பிட வேண்டியவை. ஹேஷ்டேக் ஒரு முகத்தின் மேல் எழுந்தது. ஓவனின் குரலும் சிரிப்பும் இல்லாத ஹேஷ்டேக்கைக் கற்பனை செய்வது அதன் ரசிகர்களுக்குச் சிரமம். கிளப் பிற்பாடு தனி ஊழியர்கள், மகளிர் அணி, இளையோர் அணிகள் என்று விரிந்ததற்கு அந்தச் சாய்மானத்தைக் குறைக்கும் அவசியமும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன். இன்னொன்று, அதற்குத் தனக்கென்று ஒரு மண் இல்லை. பவர்ஸ் அண்ட் பிட்சீ, ஏவ்லி என்று பிறர் மைதானங்களில் வாடகைக்கு ஆடிவந்தது. இணையத்தில் உலகெங்கும் வீடு இருப்பவர்களுக்குத் தெருவில் வீடில்லை.

கிளாப்டனுக்கு முகம் கிடையாது. அதன் பதிவுகளை யார் எழுதுகிறார் என்று வெளியே தெரியாது, இன்று எழுதுபவர் நாளை விலகினால் இன்னொரு உறுப்பினர் எடுத்துக்கொள்வார். அது பெரிய பலம். ஆனால் ஒவ்வொன்றையும் கூடிப் பேசித் தீர்மானிக்கும் அமைப்பில் வேகம் குறையும். சம்பளமில்லாமல் உழைப்பவர்கள் களைத்துப் போவார்கள். நிலத்தை வாங்கிவிட்டார்கள்; அந்தப் பழைய மைதானத்தைச் செப்பனிட்டு நடத்துவது வாங்குவதைவிட நீண்ட வேலை. இதை ஒரு வைரல் பதிவு தீர்த்துவைக்காது.

ஒரு சிறு கிளப் இந்த இரண்டில் எதை முதலில் பின்பற்றுவது என்று கேட்டால், நான் தயங்காமல் கிளாப்டன் பக்கம் நிற்பேன். ஹேஷ்டேக் தொடங்கியபோது ஓவனிடம் இருந்த லட்சக்கணக்கான சப்ஸ்கிரைபர்கள் வேறெந்த ஊர்க் கிளப்பிடமும் இருக்கமாட்டார்கள். ஆனால் ஏதோ ஒரு மண்ணும், அந்த மண்ணுக்கு ஒரு நினைவும், அதைப் பற்றிக் கவலைப்படும் முப்பது நாற்பது பேரும் ஏறக்குறைய எல்லாக் கிளப்பிடமும் இருக்கிறார்கள். முதலில் அவர்களுக்குப் பங்கு. பங்கு கொடுத்த பிறகு, ஹேஷ்டேக்கிடமிருந்து கதை சொல்லக் கற்றுக்கொள்ளலாம். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, மைதானத்தில் ஆளே இல்லாமல் வீடியோ எடிட்டருக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கும் கிளப்புகள் நிறைய. அவர்கள் காமிராவை ஒரு வாரம் மைதானத்துக்கு வெளியே, சுற்றியுள்ள தெருக்களில் எடுத்துப்போய், இந்தக் கிளப்பைப் பற்றி உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கிறது என்று கடைக்காரரிடமும் பழைய ஆட்டக்காரரிடமும் கேட்டுப் பதிவு செய்யட்டும். அங்கிருந்து தொடங்கலாம்.